சுமத்ராவுக்கே சாம்பிராணி

எங்கள் வீட்டில், சொன்னது விளங்காமல் முழிக்கிற ஆளைச் ‘சாம்பிராணி’ என்றுதான் திட்டுவோம். அத்தா என்னைத் திட்டியிருக்கிறார். நான் என் வீட்டுக்காரரைத் திட்டியிருக்கிறேன். மணக்க மணக்க எரிகிற ஒரு பொருளின் பெயரை மந்த புத்திக்கு ஏன் வைத்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் என் தங்கை சாம்பிராணித் தொழிலில் இறங்கிய பிறகு, அந்தப் பட்டத்துக்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் திருவண்ணாமலை ஜில்லாவிலேயே கிடையாது என்றாகிவிட்டது.

தங்கை வாணியம்பாடியில் கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து ஒரு பையோடு வந்து இறங்கினாள். அவள் வீட்டுக்காரன் கை நீட்டுகிறவன். கடைசியாக அடித்ததில் இடது காது ஜவ்வு கிழிந்து, வேலூரில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். அங்கிருந்து நேராகத் திருவண்ணாமலையை ஒட்டி வேங்கிக்காலில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். எங்கள் அண்ணன் வேலூரில் தோல் வியாபாரம். அத்தாவும் அம்மாவும் போன பிறகு குடும்பத்தில் அவன் சொல்வதுதான் சட்டம், அல்லது அப்படி அவன் நினைத்துக்கொண்டிருந்தான். “கொஞ்ச நாளு இருக்கட்டும். கோவம் தணிஞ்சதும் கொண்டுபோய் விட்டுடலாம்” என்றான். யார் கோபம் என்று நான் கேட்டேன்.

சும்மா இருக்கிற பிறவி இல்லை அவள். எங்கள் வீட்டுக்குப் பின்னால் இரண்டு சந்து தள்ளி என் வீட்டுக்காரர் சிமெண்டு மூட்டை போட்டுவைக்கிற தகரக் கொட்டகை ஒன்று இருந்தது. “மச்சான், அதைக் கொஞ்ச நாள் எனக்குத் தர்றீங்களா?” என்று கேட்டாள். பெருக்கிக் கழுவினாள். சென்னைத் தரகரிடமிருந்து கட்டிச் சாம்பிராணி மூட்டை வரவழைத்தாள். அது மரத்துப் பால் இறுகின பிசின். கடல் தாண்டி சுமத்ராவிலிருந்து வருகிறது. அதை இடித்துச் சலித்து, கரித்தூளோடும் ஒட்டவைக்கிற மரப்பட்டைத் தூளோடும் பிசைந்து, சின்னக் கிண்ணம் மாதிரி அச்சில் அழுத்தி, நிழலில் காயவைத்தால் கப் சாம்பிராணி. பக்கத்துத் தெருப் பெண்கள் நாலைந்து பேர் வேலைக்கு வந்தார்கள். தங்கையைப் பாயம்மா என்பார்கள், என்னைப் பெரிய பாயம்மா என்பார்கள். பெரிய பாயம்மாவாம்! எனக்கு அப்படி ஒன்றும் வயதாகிவிடவில்லை.

அண்ணாமலையார் கோயில் மாட வீதிக் கடைகளில் அவள் சரக்கு ஓட ஆரம்பித்தது. செங்கம் ரோட்டில் வெள்ளைக்காரர்கள் வருகிற கடைகளிலும் வைத்தார்கள். விலை குறைந்த குங்கிலியத்தைக் கலந்து சாம்பிராணி என்று விற்கிறவர்கள் ஊரில் ஜாஸ்தி. அதனால் தங்கை பெட்டியில் கொட்டை எழுத்தில், தமிழிலும் இங்கிலீஷிலும், ‘அசல் சுமத்ரா சாம்பிராணி’ என்று அச்சடித்தாள். நம் ஆட்களைத்தான் தெரியுமே. வெளிநாட்டுச் சரக்கு என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவார்கள். அச்சுக்காரர் ஒரு தென்னை மரமும் ஒரு கப்பலும் வரைந்து கொடுத்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

பௌர்ணமிக் கிரிவலத்துக்கு மலேசியாவிலிருந்து வந்த ஒருவர் மாட வீதிக் கடையில் கப் ஒன்றைக் கொளுத்திப் பார்த்து, விசாரித்துக்கொண்டு கொட்டகைக்கே வந்துவிட்டார். கிள்ளானில் பூஜைச் சாமான் கடை வைத்திருக்கிற தமிழர். அவரை நாங்கள் கிள்ளான் அண்ணன் என்போம். “அண்ணாமலையார் ஊர்லேர்ந்து வந்ததுன்னா எங்க ஆளுங்க கண்ணுல ஒத்திக்குவாங்க லா” என்றார், அந்த ஊர்க்காரர்கள் பேச்சின் முடிவில் போடுகிற ‘லா’வோடு. கப் சாம்பிராணியும், வெறும் தூள் பாக்கெட்டும் சேர்த்து ஒரு பெரிய ஆர்டர் கொடுத்துவிட்டுப் போனார். தங்கை அன்றைக்குச் சிரித்த மாதிரி நான் வெகு நாளாகப் பார்த்ததில்லை. எனக்கு அழுகை வந்தது. வெங்காயம் நறுக்குகிற சாக்கில் அழுதுகொண்டேன்.

விஷயம் வேலூருக்குப் போனதும் அண்ணன் போன் செய்தான். ஸ்பீக்கரில் போட்டோம்.

“கேளு. அவங்க வீட்டுல கூப்பிட்டுக்கினே இருக்காங்க. நானும் எத்தினி தடவை சாக்கு சொல்றது? இந்த ஆர்டர் ஒண்ணு பண்ணிப் பாரு. சரக்கு போவலைன்னா, கடையைக் கட்டிட்டு வாணியம்பாடி கிளம்பணும். ஒத்துக்கிறியா?”

“ஒத்துக்கிறேன்ணா” என்றாள் தங்கை, நான் வாயைத் திறப்பதற்குள்.

ஆக, இந்தச் சாம்பிராணி கிள்ளான் போய்ச் சேர்ந்தால் என் தங்கை இங்கே இருப்பாள். சேராவிட்டால் அந்த வீட்டுக்குப் போவாள், மிச்சம் இருக்கிற ஒரு காதோடு. எனக்கு விளங்கியது அந்த ஒன்று மட்டும்தான். அதற்கப்புறம் நடந்தது எல்லாம் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதை.

முதல் குழப்பம் கிள்ளான் அண்ணன் போனில் வந்தது. நம் நாட்டுக்கும் அந்தப் பக்கத்து நாடுகளின் கூட்டுக்கும் ஒப்பந்தம் இருக்கிறதாம். சரக்கு இந்தியாவில் பிறந்தது என்று சான்றிதழ் வாங்கி அனுப்பினால் அங்கே வரி கம்மியாம். இல்லாவிட்டால் முழு வரி போட்டு எடுக்கிற சக்தி தனக்கு இல்லை, சரக்கைத் திருப்பிவிட வேண்டியதுதான் என்றார்.

“பொறப்புச் சான்றிதழா? சாம்பிராணிக்கா?” என்றாள் தங்கை. “என்னோடதையே எங்க வெச்சேன்னு தெரியலையே அக்கா.”

வீட்டில் பி.காம். படித்தவள் நான் ஒருத்திதான். படித்தேனே தவிர, கல்யாணமான பிறகு அந்தப் படிப்பை மளிகைச் சாமான் சரிபார்க்கத்தான் பயன்படுத்தியிருக்கிறேன். இருந்தாலும் “நான் பார்த்துக்கிறேன், நீ மாவைப் பிசை” என்று வீரமாகச் சொல்லிவிட்டேன். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

அந்தச் சமயம் கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் ஒரு கூடத்தில் ஏற்றுமதி பற்றி விளக்கக் கூட்டம் வைத்தார்கள். இரண்டு பேரும் போனோம். வாசலில் கட்டியிருந்த துணியில் ‘ஃப்ரீ டிரேடு’ என்று தமிழ் எழுத்தில் போட்டிருந்தது. எங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அம்மா திரும்பி, “இன்னா ஃப்ரீயா தர்றாங்களாம்? மாவு மில்லா, தையல் மிஷினா?” என்று என்னைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன். “ஆதார் ஜெராக்ஸ் எடுத்துட்டு வந்துருக்கேன்” என்று பையைத் தட்டிக் காட்டினார். அதைப் பார்த்ததும் எனக்கே ஒரு நப்பாசை. ஜெராக்ஸ் எடுத்து வந்திருக்கலாமோ என்று நினைத்தேன்.

பேச வந்தவர் சின்ன வயசுக்காரர், நல்ல மாதிரி. இலவசம் எதுவும் இல்லை, வரித் தடை இல்லாத வர்த்தகம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். பாதிப் பேர் எழுந்து போனார்கள். ஆதார் அம்மா மட்டும் வந்ததற்கு டீயாவது குடிப்போம் என்று உட்கார்ந்துவிட்டார்.

பேச வந்தவர் சொன்னதை எனக்கு விளங்கியவரைக்கும் சொல்கிறேன். கிழக்கே கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற நாடுகள் முதலில் அஞ்சு பேர் சேர்ந்தார்களாம். வியாபாரத்துக்காகச் சேரவில்லை, ஒருத்தரைப் பார்த்து ஒருத்தருக்கும், வெளியாளைப் பார்த்து எல்லாருக்கும் இருந்த பயத்தில் சேர்ந்தார்களாம். அப்புறம் பயம் குறையக் குறைய, நமக்குள் எதற்கு வரி என்று கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தார்களாம். பின்னால் வந்து சேர்ந்த ஏழை நாடுகளுக்கு, நீங்கள் மெதுவாகக் குறையுங்கள் என்று தவணை கொடுத்தார்களாம். பத்துப் பேர் ஆனார்கள். இப்போது இன்னொரு குட்டி நாடும் சேர்ந்துவிட்டது.

“அப்போ கூட்டுக்குடும்பம்” என்று தங்கை என் காதில் சொன்னாள்.

அது அவருக்குக் கேட்டுவிட்டது. “ஆமாங்க, ஆனா அடுப்பு தனித்தனி” என்றார். உள்ளுக்குள் வரி இல்லை. வெளியிலிருந்து வருகிற சரக்குக்கு அவரவர் இஷ்டப்படி அவரவர் வரி. ஆனால் சீனா, ஜப்பான், கொரியா, நாம் என்று வெளியே பெரிய நாடுகளோடு ஒப்பந்தம் பேசும்போது எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து பேசுவார்கள். கையெழுத்து ஒன்றாகப் போட்டுவிட்டு, வரி அட்டவணை மட்டும் ஆளுக்கொன்று கொடுப்பார்கள். எல்லாரும் சேர்ந்து இன்னும் பெரிய கூட்டு ஒன்று போட்டபோது, நம் நாடு கடைசி நேரத்தில் வரவில்லை என்று ஒதுங்கிக்கொண்டது. ஏன் ஒதுங்கினோம் என்று ஒருவர் கேட்டார். ஏன் முதலில் சேர்ந்தோம் என்று இன்னொருவர் கேட்டார். இரண்டு கேள்விக்கும் அவர் சொன்ன பதில் எனக்கு ஒரே மாதிரி இருந்தது.

பின்வரிசையிலிருந்து வேர்க்கடலை போடுகிற ஒரு விவசாயி எழுந்தார். “அங்கேர்ந்து பாமாயிலை வுட்டு எங்க மல்லாட்டையைப் படுக்க வெச்சிட்டாங்க சார். இது நம்ம ஊரு பயிரு. இதைக் காப்பாத்தறதுக்கு இன்னா ஒப்பந்தம் வெச்சிருக்கீங்க?”

கை தட்டினார்கள். நானும் தட்டினேன். பேசுகிறவர் தயங்கித் தயங்கி, “ஐயா சொல்றது நியாயம்தான். ஆனா மல்லாட்டைன்னா மணிலாக் கொட்டை. மணிலாவும் அந்தக் கூட்டுக்குள்ளதான் இருக்குது” என்றார்.

அந்த விவசாயி முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. பிறந்ததிலிருந்து வேகவைத்தும் வறுத்தும் தின்ற மல்லாட்டை, பெயரிலேயே அடுத்தவன் ஊரைச் சுமந்துகொண்டிருக்கிறது என்று இத்தனை நாள் எனக்கு உறைக்கவில்லை. அவரோ, “பேரு எதுவா இருந்தா இன்னா சார், களை எடுக்கறது நானு” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அதுவும் சரியாகத்தான் பட்டது. எது சரி?

டீ கொடுக்கும்போது தங்கை அந்தப் பேச்சாளரைப் பிடித்துக்கொண்டாள். பிசின் சுமத்ராவில் பிறந்தது, கரி இங்கே, பட்டைத்தூள் இங்கே, கை இங்கே. இது எந்த நாட்டுச் சரக்கு என்று கேட்டாள். அவர், பொருள் ஆள் மாறவேண்டும் என்றார். வந்தது ஒன்றாகவும் போவது வேறொன்றாகவும் இருக்கவேண்டும், அதன் மதிப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலாவது ஒப்பந்தம் போட்ட இரண்டு தரப்பு நாடுகளுக்குள் சேர்ந்திருக்கவேண்டும். கப் சாம்பிராணி தாராளமாகத் தேறும் என்றார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் “தேறும், தேறும்” என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

அரசாங்க இணையதளத்தில் சான்றிதழுக்கு எழுதிப்போட நான் பட்ட பாட்டைச் சொன்னால் மகாபாரதம். சென்னையில் ஒரு ஏஜெண்டைப் பிடித்தோம். அவர் போனில் ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க நான் பூர்த்தி செய்தேன். தங்கையின் ஆதார், ரேஷன் கார்டு எல்லாம் வாணியம்பாடி விலாசத்திலேயே இருந்தது. ஏஜெண்டு குழம்பிப்போய், “மேடம், அவங்க சொந்த ஊரு எது?” என்றார். நான் போனைத் தங்கை பக்கம் நீட்டினேன்.

“அதைத்தான் எல்லாரும் கூடி முடிவு பண்ணிக்கினு இருக்காங்க சார்” என்றாள் அவள், சிரிக்காமல்.

எப்படியோ சான்றிதழ் வந்தது. சரக்குப் பெட்டிகள் லாரி ஏறின. கொட்டகைப் பெண்கள் லாரிக்குச் சூடம் காட்டினார்கள், தங்கை பிஸ்மி சொன்னாள், என் வீட்டுக்காரர் டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்தார். எந்தச் சாமிக்கும் குறை வைக்கவில்லை. கப்பல் கிள்ளான் துறைமுகம் போய்ச் சேர்ந்தது.

ஒரு மத்தியானம் நாங்கள் சாப்பிட உட்காரும்போது கிள்ளான் அண்ணன் போன். தங்கை வலது காதில் வைத்துக் கேட்டாள். கேட்கக் கேட்க முகம் வெளுத்தது. போனை என்னிடம் கொடுத்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

“அக்கா, சரக்கை நிறுத்திட்டாங்க லா” என்றார் அவர். “பேப்பர்ல இந்தியாவுல பொறந்ததுன்னு இருக்கு. பெட்டி பூரா அசல் சுமத்ரான்னு நீங்களே அடிச்சு அனுப்பியிருக்கீங்க. எது நெசம்னு கேக்கறான். நான் என்னத்தைச் சொல்லட்டும்? சுமத்ரா இங்கேர்ந்து கூப்பிடுற தூரம். ‘திருநெல்வேலிக்கே அல்வாவா’ங்கிற மாதிரி, எங்க பக்கத்து வீட்டு சாம்பிராணியை எங்களுக்கே அனுப்பியிருக்கீங்களே!”

யா அல்லா! அந்தப் பெட்டி! நாங்கள் எல்லாரும் எத்தனை தடவை பார்த்தோம். நான் மடித்தேன், டேப் ஒட்டினேன், அடுக்கினேன். அந்தக் கப்பலையும் தென்னை மரத்தையும் பார்த்து அழகாக இருக்கிறது என்று வேறு சொன்னேன். ஊரில் சரக்கை விற்கிற அதே சொல், கடல் தாண்டியதும் கழுத்தைப் பிடிக்கும் என்று யாருக்குத் தோன்றும்? நம் ஊரில் அசல் என்றால் சுமத்ரா. அவர்கள் ஊரில் அசல் என்றால் அண்ணாமலை. ஒரே சாம்பிராணிக்கு இரண்டு அசல்.

தங்கை சோற்றைத் தொடவில்லை. “நான்தான் சாம்பிராணி” என்றாள். “போடி, அது என் பட்டம்” என்றேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

ஏஜெண்டைக் கூப்பிட்டுக் கத்தினேன். பெட்டியில் என்ன எழுதக்கூடாது என்று முதலிலேயே சொல்வதற்கு என்ன கேடு என்று கேட்டேன். அவர் பொறுமையாகத்தான் இருந்தார். பொறுமையாக இருக்கிறவர்களிடம் கத்தினால் நமக்குத்தான் மூச்சு வாங்குகிறது. அவர் விளக்கினார். அனுப்பியதில் இரண்டு சரக்கு இருக்கிறது. தூள் பாக்கெட், கப். தூள் தேறாது மேடம் என்றார். இடித்துச் சலித்துப் பொட்டலம் கட்டுவதால் ஒரு பொருளின் பிறப்பு மாறாது, அது சுமத்ரா சரக்குதான்.

“சரி, சுமத்ராவும் அந்தக் கூட்டுலதானே இருக்கு? அங்கேயே பொறந்து அங்கேயே போவுது. அப்போ அதுக்கு வரி வேணாம்தானே?” என்றேன். நான் கேட்டதில் என்ன தப்பு என்று நீங்களே சொல்லுங்கள்.

அப்படிக் காட்டவேண்டுமானால் பிசின் அங்கே பிறந்ததற்கு அந்த நாட்டுச் சான்றிதழ் வேண்டும் என்றார். நம் பிசின் சிங்கப்பூர் வியாபாரி ஒருவர் கை மாறி, சென்னைத் தரகர் கை மாறி வந்தது. யாரிடமும் எதுவும் இல்லை. பிறந்தது நிஜம், ஆனால் பிறந்ததற்குச் சாட்சி இல்லை. “தூளை விட்டுடுங்க. கப்பைக் காப்பாத்தலாம். பிசின் எப்படி கப்பா மாறுதுன்னு விளக்கி எழுதிக் குடுங்க, போட்டோவோட” என்றார்.

அன்றைக்குக் கொட்டகையில் நான் இங்கிலீஷில் எழுத உட்கார்ந்தேன். தங்கை செய்துகொண்டே சொல்வாள், நான் எழுதுவேன். பிசைவதற்கு இங்கிலீஷ் வார்த்தை எனக்குச் சட்டென்று வரவில்லை. அச்சில் அழுத்துவதற்கு வந்தது, காயவைப்பதற்கு வந்தது, பிசைவதற்கு வரவில்லை. வேலைக்கு வந்த பெண் ஒருத்தி, “பெரிய பாயம்மா, சப்பாத்தி மாவுன்னு எழுதுங்களேன்” என்றாள். நான் அவளை முறைத்தேன். அப்புறம் அப்படித்தான் எழுதினேன், சப்பாத்தி மாவு பிசைகிற மாதிரி என்று. தங்கை கரி பிடித்த கையோடு நிற்கிற படம், அச்சு, கப் வரிசையாகக் காய்கிற படம் எல்லாம் எடுத்து அனுப்பினோம்.

பிறகு காத்திருந்தோம். கிள்ளான் அண்ணன் எடுத்தால், “இன்னும் பாக்குறாங்க லா” என்பார். ஏஜெண்டு எடுத்தால், “ப்ராசஸ்ல இருக்கு மேடம்” என்பார். யார் பார்க்கிறார்கள், எதைப் பார்க்கிறார்கள், ஒரு சாம்பிராணியில் பார்க்க அப்படி என்னதான் இருக்கிறது, ஒன்றும் புரியவில்லை. தலையும் தெரியவில்லை, வாலும் தெரியவில்லை. தங்கை வழக்கம்போலக் கொட்டகைக்குப் போனாள். ஆனால் பையைப் பரணிலிருந்து இறக்கித் தட்டித் துடைத்து அலமாரி மேல் வைத்திருந்தாள். “அதை ஏன்டி இறக்கினே?” என்றேன். “தூசியா இருந்துச்சு” என்றாள்.

சரக்கு நின்ற விஷயத்தை என் வீட்டுக்காரர் பேச்சுவாக்கில் அண்ணனிடம் சொல்லிவிட்டார். நல்ல மனுஷர்தான், வாய்க்கு மட்டும் தாழ்ப்பாள் கிடையாது. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வருகிறோம் என்று அண்ணன் சொல்லியனுப்பினான். வருகிறோம் என்றால் தங்கையின் மாமியாரும் வருகிறாள் என்று அர்த்தம்.

வீட்டுக்கு வருகிறவர்களுக்குச் சோறு போடாமல் இருக்க முடியுமா? பிரியாணி போட்டேன். கோபத்தில் உப்பு ஒரு கை ஜாஸ்தியாகிவிட்டது. அண்ணனும் மாமியாரும் உள்ளே வந்தார்கள். மாப்பிள்ளை வரவில்லை. வாசலில் நிறுத்தியிருந்த காரிலேயே, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சாப்பிடக் கூப்பிட்டதற்கு வேண்டாம் என்று கை காட்டினான். நான் இரண்டாம் தடவை கூப்பிடவில்லை.

மாமியார் தங்கையின் கையைப் பிடித்து, “இன்னாம்மா இது, கையெல்லாம் கரி புடிச்சு... ராணி மாதிரி இருந்த பொண்ணு” என்றாள். ராணியை எந்தக் காதில் அடித்தான் உன் பிள்ளை என்று என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. தங்கை என்னைப் பார்த்துக் கண்ணால் அடக்கினாள்.

பாதிச் சாப்பாட்டில் போன் அடித்தது. கிள்ளான் அண்ணன். தங்கை இடது கையால் எடுத்து வலது காதில் வைத்தாள். “ம்... ம்... சரிண்ணா... ம்” என்றாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. போனைக் கீழே வைத்தாள்.

“கப்பை விட்டுட்டாங்களாம்” என்றாள். “நம்ம ஊரு சரக்குன்னு ஒத்துக்கினாங்களாம். தூளுக்கு மட்டும் அவரு முழு வரி கட்டி எடுத்துக்கறாராம். அடுத்த பெட்டியில சுமத்ரா போடக் கூடாதாம்.”

நான் பிரியாணிக்குத் தாளிச்சாக் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த கரண்டியோடு அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அண்ணனும் நிஜமாகவே சந்தோஷப்பட்டான். அதை மறைக்காமல் சொல்லவேண்டும். “அல்ஹம்துலில்லாஹ்! சொன்னேன்ல, என் தங்கச்சி கெட்டிக்காரி” என்று மாமியாரிடம் பெருமையாகச் சொன்னான். ஒரு துண்டு கறியை எடுத்துத் தங்கை தட்டில் வைத்தான். பிறகு அதே சந்தோஷத்தோடு, “ரொம்ப நல்லதா முடிஞ்சுது. பேரு கெடாம முடிச்சாச்சு. சாப்பிட்டுட்டு கிளம்பலாமா?” என்றான்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. “எங்க கிளம்பறது?”

“வாணியம்பாடிக்குத்தான். அதுக்குத்தானே வந்திருக்கோம்.”

“ணா, நீ இன்னா சொன்னே? சரக்கு போவலைன்னா அனுப்புவேன்னு சொன்னியா இல்லியா?”

“சொன்னேன். போவலைன்னா அனுப்புவேன்னு சொன்னேன்” என்றான் அண்ணன் நிதானமாக, எலும்பை ஓரமாக ஒதுக்கிவைத்தபடி. “போனா அனுப்ப மாட்டேன்னு எப்போ சொன்னேன்?”

என் தலை கிர்ரென்று சுற்றியது. அவன் சொன்னதைத் திருப்பித் திருப்பி மனசுக்குள் ஓட்டினேன். சொல்லுக்குச் சொல் பார்த்தால் அவன் அப்படிச் சொல்லவில்லைதான். பத்து நாட்டு ஒப்பந்தம், தனித்தனி அட்டவணை, தூளுக்கு ஒரு சட்டம், கப்புக்கு ஒரு சட்டம், அதெல்லாம் எங்கேயாவது எழுதியாவது வைத்திருந்தார்கள். சண்டை போட்டுக் கேட்டால் காட்டினார்கள். இந்த வீட்டுச் சட்டம் எதில் எழுதியிருக்கிறது? யாரைக் கூப்பிட்டுக் கேட்பது? “அநியாயம்ணா இது!” என்று கத்தினேன். ஊரையே வாயால் வெட்டுகிற எனக்கு, வேண்டிய நேரத்தில் வார்த்தை வரவில்லை.

தங்கை தட்டில் இருந்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். எழுந்து போய்க் கை கழுவினாள். உள்ளே போய் புர்கா போட்டுக்கொண்டு வந்தாள். செருப்பை மாட்டினாள்.

“நல்ல பொண்ணு. நான்தான் சொன்னேனே, வந்துடுவான்னு” என்றாள் மாமியார், வெற்றிலைப் பையைத் தேடிக்கொண்டே.

ஜன்னல் வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வாசலுக்கு இறங்கினாள். காரில் இருந்தவன் உள்ளிருந்தே கையை நீட்டிப் பின் கதவைத் திறந்துவிட்டான். திறந்த கதவு வழியை மறித்தது. அவள் அதைச் சாத்திவிட்டு, காரைச் சுற்றிக்கொண்டு, இரண்டு சந்து தள்ளி இருக்கிற கொட்டகைப் பக்கமாக நடந்து போனாள்.

மாமியார் எழுந்து வந்து என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

“இன்னாம்மா இது, அவ எங்க போறா?”

“வேலைக்கு” என்றேன்.